பாட்டு டீச்சர் பதில்கள்: பிள்ளைகள் மேடை ஏறும்போது

போன இதழில் என் மாணவர்கள் பாடும் சின்னக் கச்சேரிகளைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். மாதம் ஒரு முறை, வகுப்பு நடக்கும் கூடத்திலேயே பாய் விரித்து, ஆளுக்கு ஒரு உருப்படி பாடுவார்கள். கேட்பதற்கு வீட்டார் வருவார்கள். அவ்வளவுதான் விஷயம். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பாதிக் கேள்விகள் பிள்ளைகளைப் பற்றியவை. மீதிப் பாதி, எழுதியவர்களுக்கே தெரியாமல், பெற்றோரைப் பற்றியவை.

என் மகளுக்கு 9 வயது. வீட்டில் பிசிறில்லாமல் பாடும் கீர்த்தனையை விழா மேடையில் பாடினாள். அனுபல்லவியின் இரண்டாவது வரி மறந்துவிட்டது. மறுபடி பல்லவியிலிருந்து எடுத்தாள், அதே இடத்தில் நின்றாள். மூன்றாம் தடவை அழுதுவிட்டாள். இன்னும் நிறையப் பாட வைக்க வேண்டுமா? (ஒரு தாய்)

பாடினது போதும். பாடுகிற விதத்தைத்தான் மாற்ற வேண்டும்.

வீட்டில் அவள் பாடுவது பெரும்பாலும் வாய்ப்பழக்கம். ஒரு வரி முடிந்தால் அடுத்த வரி தானாக நாக்கில் வந்து நிற்கும், யோசிக்க வேண்டியதே இல்லை. மேடையில் யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள், ஒரு கணம் கவனம் அங்கே போகிறது, சங்கிலி அறுந்துவிடுகிறது. உள்ளே நுழைய அவளுக்குத் தெரிந்த ஒரே வாசல் பல்லவி. அங்கிருந்து கிளம்பினால் அறுந்த இடத்துக்குத்தான் மறுபடியும் வந்து சேர்வாள். நூறு தடவை முதலிலிருந்து கடைசிவரை பாட வைத்தாலும் வாசல் ஒன்றுதான்.

என் வகுப்பில், மேடைக்கு என்று ஒரு பாட்டு முடிவானதும், அதை முதலிலிருந்து பாடச் சொல்வதை நிறுத்திவிடுவேன். தாளம் போட்டுக்கொண்டே இருக்கச் சொல்லி, திடீரென்று ‘சரணம்’ என்பேன். ஒரு ஆவர்த்தனத்துக்குள், அதாவது தாளத்தின் ஒரு சுற்றுக்குள், சரணத்தை எடுக்க வேண்டும். பாதியில் ‘அனுபல்லவி, இரண்டாவது வரி’ என்பேன். முதலில் திருதிருவென்று விழிப்பார்கள். அந்த வரி எந்த ஸ்வரத்தில் தொடங்குகிறது, தாளத்தில் எந்த இடத்தில் விழுகிறது என்று அப்போதுதான் யோசிக்கவே ஆரம்பிப்பார்கள். சில வாரத்தில் அதுவே விளையாட்டாகிவிடும். ஒருவரையொருவர் மடக்கப் பார்ப்பார்கள்.

இன்னொன்று, மறந்துபோனால் என்ன செய்வது என்பதையும் பாடத்தோடு பாடமாகச் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும். கை நிற்கக் கூடாது. சாகித்யம் (பாட்டின் வார்த்தைகள்) போனால் போகட்டும், அகாரமாக, வெறும் ‘ஆ’ என்று ராகத்தைப் பிடித்துக்கொண்டு ஆவர்த்தனத்தை முடித்து, பல்லவியின் எடுப்பில், அது தாளத்தில் தொடங்கும் இடத்தில், வந்து உட்கார வேண்டும். ஆதி தாளத்தில் 8 அட்சரம் (எண்ணிக்கை) இருக்கிறது, மூச்சு வாங்கிக்கொள்ள அது தாராளம். எடுப்பு சமத்தில் (தாளத்தின் முதல் தட்டில்) இல்லாமல் தள்ளி இருக்கும் பாட்டு என்றால் இந்த ஒரு இடத்தை மட்டும் தனியாகப் பழக்குங்கள், குழந்தைகள் தடுமாறுவது அங்கேதான்.

சமீபத்தில் ஒரு பெண் சரணத்தின் நடுவில் வார்த்தையைத் தொலைத்துவிட்டாள். கண் மோட்டுவளைக்குப் போனது, கை மட்டும் தொடையில் தட்டிக்கொண்டே இருந்தது. அகாரமாக இரண்டு பிடி பிடித்து, பல்லவியில் ‘டக்’கென்று வந்து சேர்ந்தாள். அவள் அப்பா முடிந்ததும் என்னிடம் வந்து, “அந்தப் புது சங்கதி ரொம்ப நன்றாக இருந்தது டீச்சர்” என்றார் (சங்கதி என்றால் ஒரே வரியை மாற்றி மாற்றி மெருகேற்றிப் பாடுவது). நான் எதுவும் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை.

மேடையில் என் பையன் வர்ணம் பாடினால் போதும் என்கிறார் அவனுடைய ஆசிரியர். அவனுக்குப் பின்னால் சேர்ந்த பிள்ளைகள்கூடப் பெரிய கீர்த்தனையாகப் பாடுகிறார்கள். கேட்கவே சங்கடமாக இருக்கிறது. (ஒரு தந்தை)

உங்கள் ஆசிரியரை விட்டுவிடாதீர்கள். இன்று நாம் கேட்கும் கச்சேரிக்கு உருவம் கொடுத்தவர் என்று பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்காரைச் (1890–1967) சொல்கிறார்கள். அந்த அமைப்பில் தொடக்கமே வர்ணம்தான். பெரிய வித்வான்கள் அதில்தான் குரலையும் சபையையும் சேர்த்துச் சூடேற்றுகிறார்கள். உங்கள் பையன் அதை இரண்டு காலத்திலும் (வேகத்திலும்) தாளம் அசையாமல் பாடினால், விஷயம் தெரிந்தவர்கள் அவனைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

பொதுவாகவே, போன வாரம் பாடம் முடிந்த உருப்படி மேடைக்கு ஆகாது. புதுப்பாட்டின் மீது ஆசை இருக்கும், பிடி இருக்காது. பாடிப் பாடி அலுத்துப்போய், ஓரமாக வைத்துவிட்டு மறுபடி எடுத்த பாட்டுதான் பதற்றத்திலும் கைவிடாது.

எனக்கு 24 வயது. பாட உட்கார்ந்ததும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது, கை நடுங்குகிறது, காலப்பிரமாணம் (பாட்டின் வேகம்) ஓடிவிடுகிறது. சபைக் கூச்சம் போக என்ன வழி? (ஒரு வாசகி)

முழுக்கப் போகாது. செல்லோ மேதை பாப்லோ கசால்ஸ் உலகமெல்லாம் கொண்டாடிய பிறகும், ஆயுசு முழுக்க இந்த நடுக்கத்தோடுதான் மேடைக்குப் போனார். ஆபத்து என்று நினைத்து உடம்பு அட்ரினலினைச் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, எச்சில் வற்றுகிறது, மூச்சு மேலோட்டமாகிறது. பயம் என்பதன் பெரும்பகுதி இந்த உடம்பு வேலைதான். அதனால் அதை உடம்பின் வழியாகவே சமாளிக்கலாம்.

காலப்பிரமாணத்தை முதலில் பாருங்கள். இதயம் ஓடும்போது உங்கள் வழக்கமான வேகம் உங்களுக்கே மந்தமாகத் தோன்றும், அதனால் தூக்கி எடுத்துவிடுவீர்கள். தம்புரா ஒலிக்க ஆரம்பித்ததும் உடனே வாயைத் திறக்காதீர்கள். பாட்டிலேயே சங்கதிகள் அதிகமாக நெருங்கி வரும் வரி எதுவோ, அதை மனசுக்குள் ஒரு தடவை பாடிப் பாருங்கள். அந்த வேகத்தில் அது நிதானமாக வாயில் நுழைகிறதா? நுழைந்தால் அதுதான் உங்கள் காலம். பல்லவியின் முதல் வரியை வைத்து வேகத்தை முடிவுசெய்பவர்கள்தான் சரணத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

அடுத்தது, சூடேறாத குரலில் பாடிப் பழகுவது. சாதகம் செய்து குரல் திறந்த பிறகுதான் வீட்டில் எல்லோரும் மேடைப்பாட்டைப் பாடிப் பார்க்கிறார்கள். நிஜத்தில், முன்னால் பாடுபவர் முடிக்கும்வரை அரைமணி நேரம் வாய்மூடி உட்கார்ந்திருந்து, அப்படியே போய்ப் பாட வேண்டியிருக்கும். ஆகவே தினம் ஏதாவது ஒரு நேரத்தில், செய்துகொண்டிருக்கும் வேலையை விட்டு எழுந்து, தொண்டையைக்கூடச் செருமாமல், சுருதியைப் போட்டு முதல் வரியை மட்டும் பாடுங்கள். ஒரே ஒரு தடவை. சரியாக வராவிட்டாலும் திருப்பிப் பாடக் கூடாது, ஏனென்றால் மேடையில் அந்த வசதி கிடையாது.

நடுக்கத்துக்கு மாத்திரை உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இதயத் துடிப்பை அடக்கும் புரோபிரனலால் போன்ற மாத்திரைகளை இசைக்கலைஞர்கள் சிலர் போட்டுக்கொள்வது உண்மை. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்து. டாக்டரைக் கேட்காமல் தோழியின் கைப்பையிலிருந்து வாங்கிப் போட்டுக்கொள்ளும் சமாசாரம் அல்ல அது.

மகனுக்கு 13 வயது. குரல் உடைந்துகொண்டிருக்கிறது. இந்த முறை ஆண்டுவிழாவில் பாட வைக்கலாமா, ஒரேயடியாக நிறுத்திவிடலாமா?

நிறுத்த வேண்டாம், வற்புறுத்தவும் வேண்டாம். குரல்நாண்கள் நீண்டு தடிக்கின்றன, குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி (ஒரு ‘ஸ’விலிருந்து அடுத்த ‘ஸ’ வரையிலான தூரம்) கீழே இறங்குகிறது. நேற்றுவரை 5 கட்டையில் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைக் குறிக்கும் எண்) பாடிய பிள்ளை கடைசியில் 1 கட்டைப் பக்கம் வந்து நிற்பான். நடுவில் இருக்கும் மாதங்களில் எந்தக் கட்டையும் ஒத்துவராது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. பழைய சுருதியிலேயே மேல் ஷட்ஜத்தை எட்டிப் பிடிக்கச் சொன்னால் கத்துவான், தொண்டை புண்ணாகும். கூடவே, எல்லோர் எதிரிலும் குரல் கிரீச்சிட்ட பையன் பிறகு பாடவே வாயெடுக்க மாட்டான். அப்படிப் பாட்டை விட்டவர்கள் நிறையப் பேர்.

என் வகுப்பில் இந்தப் பருவத்துப் பையன்களுக்கு மத்திய ஸ்தாயியும் (நடுக்குரல்) மந்திர ஸ்தாயியும் (கீழ்க்குரல்) மட்டும்தான். ஐந்தாறு ஸ்வரத்துக்குள் என்ன பாட முடியுமோ அது. கச்சேரி நாளில் அவனுக்கு வேறு பொறுப்பு கொடுப்பேன். தம்புரா சுருதி சேர்ப்பான், ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் ராகம், தாளம், இயற்றியவர் யார் என்று சொல்வான், சின்னவர்களுக்குத் தாளம் போட்டுக் காப்பாற்றுவான். காது இந்த ஒரு வருஷத்தில் கூர்மையாவதுபோல் வேறு எப்போதும் ஆவதில்லை. குரலைப் பற்றி ரொம்பக் கவலைப்பட்டால், பாடகர் செம்மங்குடி சீனிவாச ஐயரின் பழைய ஒலிப்பதிவு ஒன்றைப் போட்டுக் காட்டுங்கள். கரகரத்த குரல்தான் அவருக்கு வாய்த்தது. சாதகத்தால் அதையே வழிக்குக் கொண்டுவந்தார்.

58 வயதில் பாட்டுக் கற்க ஆரம்பித்தேன். கச்சேரியில் நோட்டைப் பார்த்துப் பாடுவது மரியாதைக் குறைவா?

1830களில் இளம்பெண் கிளாரா வீக், பிற்பாடு கிளாரா ஷூமான், நோட்டு இல்லாமல் பியானோ வாசித்தபோது, ‘என்ன அகங்காரம்!’ என்று பேசியவர்கள் இருந்தார்கள். பிறகு பார்க்காமல் வாசிப்பதே முறை என்றாகிவிட்டது. பியானோ மேதை ஸ்வியாதஸ்லாவ் ரிக்டர் தம் கடைசிக் காலத்தில் அரங்கை இருட்டாக்கி, நோட்டின் மேல் மட்டும் ஒரு சின்ன விளக்கு வைத்துக்கொண்டு வாசித்தார். அவர் மரியாதை ஒன்றும் குறையவில்லை.

ஆகவே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் முழுப்பாட்டையும் எழுதி வைக்காதீர்கள். எழுதி இருந்தால் கண் அதை விட்டு வராது, தலை குனிந்துவிடும், குனிந்த கழுத்தில் குரல் அடைபடும். ஒரு அட்டையில் அனுபல்லவி, சரணம் இரண்டின் முதல் வார்த்தைகளை மட்டும் பெரிய எழுத்தில் எழுதி, எதிரே சற்றுத் தள்ளி வையுங்கள். செல்போன் வேண்டாம். பாதியில் திரை அணைந்துபோகும், இல்லாவிட்டால் யாராவது கூப்பிடுவார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் நான் அட்டையும் தருவதில்லை. அவர்களுக்கு நினைவில் வைத்துக்கொள்ளும் வயது, அதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

என் மகள் பாடும்போது நான் முதல் வரிசையில் உட்கார்ந்து வரிகளை எடுத்துக்கொடுக்கலாமா? அவளுக்குத் தெம்பாக இருக்குமே.

அம்மா, வேண்டாம். முதல் வரிசையில் உட்கார்ந்து, சத்தமில்லாமல் உதட்டை அசைத்துக்கொண்டு, புருவத்தால் கமகம் போடும் தாய்மார்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். குழந்தை உங்கள் வாயைப் பார்த்துப் பாடுகிறது. நீங்கள் அரை நொடி முந்தினால் அதுவும் முந்துகிறது. பக்கத்தில் இருப்பவர் ஏதோ கேட்க நீங்கள் திரும்பினீர்களோ, பாட்டும் நின்றது. நாலாவது வரிசைக்குப் போய், கையைக் கட்டிக்கொண்டு, சும்மா கேளுங்கள். ரொம்பக் கஷ்டம்தான், தெரியும்.

முதன்முறையாக வயலின், மிருதங்கத்தோடு பாடப் போகிறேன். என்ன கவனிக்க வேண்டும்? (கல்லூரி மாணவர்)

உங்கள் கட்டையை முன்கூட்டியே மிருதங்கக்காரரிடம் சொல்லிவிடுங்கள். வயலினில் தந்தியைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். மிருதங்கம் அப்படி இஷ்டத்துக்கு ஏறி இறங்காது. 5 கட்டைக்கு உச்ச சுருதி மிருதங்கம், 1 கட்டைக்குத் தக்கு (தாழ்ந்த) சுருதி மிருதங்கம், இரண்டும் தனித்தனி வாத்தியம். தவறான ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டால் அன்றைக்கு அவரும் பாவம், நீங்களும் பாவம்.

ஒரு தடவையாவது சேர்ந்து பாடிப் பாருங்கள். வயலின் உங்களைத் தொடர்ந்து, நூலிழை பின்னால் வரும். முதல் தடவை கேட்கும்போது, ஏதோ தப்பு நடக்கிறது என்று நினைத்து அதற்காகக் காத்திருக்கத் தோன்றும். காத்திருந்தால் அவர் இன்னும் பின்னால் போவார், இரண்டு பேருமாக நின்றுவிடுவீர்கள். நீங்கள் உங்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருங்கள். மைக் ஒரு சாண் தூரத்தில் இருக்கட்டும். மானிட்டரில் உங்கள் குரலைவிடத் தம்புராவைக் கூட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள். தன் குரலை உரக்கக் கேட்க ஆசைப்படுபவர்கள்தான் சுருதியைக் கோட்டைவிடுகிறார்கள்.

மாணவர் கச்சேரியை வீடியோ எடுத்துப் பகிர்வதில் உங்களுக்கு உடன்பாடு உண்டா? நீங்களும் பகிர்கிறீர்களே?

பகிர்கிறேன், சில நிபந்தனைகளோடு. குழந்தையின் பெற்றோர் சரி சொல்ல வேண்டும். குழந்தையும் சரி சொல்ல வேண்டும், இதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். எட்டு வயதுக் குழந்தைக்கு ‘வேண்டாம்’ என்று சொல்லத் தெரியும், நாம்தான் கேட்பதில்லை. பின்னணியில் வேறு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தால் அவர்கள் வீட்டிலும் கேட்க வேண்டும். முழுப்பெயர், பள்ளிக்கூடம் எதையும் போடுவதில்லை. முடிந்தால் பின்னூட்டப் பகுதியை மூடிவிடுவேன்.

பகிர்வதை விடுங்கள், பார்ப்பதில்தான் அதிகம் கெடுகிறது. பாடி இறங்கிய குழந்தையை உட்கார வைத்து, “இதோ பார், இங்கேதான் சுருதி விலகினாய்” என்று அன்று இரவே போட்டுக் காட்டுகிறார்கள். அப்போது அதற்கு எதுவும் காதில் ஏறாது. தன் முகம் எப்படிக் கோணியது என்பதைத்தான் பார்க்கும். ஒரு வாரம் கழியட்டும். முதல் தடவை படத்தைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேட்கச் சொல்லுங்கள். எங்கே மூச்சு தீர்ந்தது, எங்கே வேகம் மாறியது என்று அவளே சொல்லட்டும். பெரும்பாலும் நாம் குறித்து வைத்ததைவிட அதிகமாகவே சொல்லுவாள்.

செல்போனில் எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. போனைத் தம்புராப் பெட்டியின் பக்கத்தில் வைக்காதீர்கள், பதிவு முழுக்க ‘ஞொய்’ என்ற சத்தம்தான் இருக்கும். பாடுபவருக்கு நேர் எதிரே, ஆறேழு அடி தள்ளி, எதன் மீதாவது நிறுத்தி வைத்துவிட்டு, நீங்கள் வந்து உட்கார்ந்து நேரில் கேளுங்கள். குழந்தை நிமிர்ந்து பார்க்கும்போது போனின் முதுகு தெரியக் கூடாது, உங்கள் முகம் தெரிய வேண்டும்.

பாட்டு என்றால் என் மகளுக்கு உயிர். மேடை மட்டும் வேண்டவே வேண்டாம் என்கிறாள். இப்படியே விட்டால் திறமை வீணாகிவிடாதா?

ஏன் வீணாக வேண்டும்? பியானோக் கலைஞர் கிளென் கூல்ட் 1964இல், வயது 31 இருக்கும்போதே, இனி மேடைக் கச்சேரி இல்லை என்று முடித்துக்கொண்டு ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் போய்விட்டார். வீணை தனம்மாள் (1867–1938) வெள்ளிக்கிழமை மாலைகளில் தம் வீட்டிலேயே வாசித்தார். மிருதங்கம்கூட இல்லை. பெரிய வித்வான்கள் அங்கே போய் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து கேட்டார்கள்.

அதற்காக அறைக்கதவைச் சாத்திக்கொண்டு மட்டும் பாடட்டும் என்று சொல்ல மாட்டேன். இன்னொருவர் காதில் விழும்போது நம் பாட்டில் நமக்கே புதிதாகச் சில தெரியும், தனியாகப் பாடி அதைப் பெற முடியாது. முதலில் ஒரே ஒரு ஆளுக்குப் பாடட்டும், அந்த ஆளை அவளே தேர்ந்தெடுக்கட்டும். அப்புறம் இரண்டு பேர். என்னிடம் ஒரு பெண் இருக்கிறாள். கச்சேரி நாளில் எல்லோரும் போன பிறகு, பாய் சுருட்ட நிற்கும் நாலைந்து பேருக்கு மட்டும் பாடுவாள். அன்றைக்கு நாங்கள் கேட்டதிலேயே சில சமயம் அதுதான் நல்ல பாட்டாக இருக்கும். நான் அவளை மேடைக்குக் கூப்பிடுவதில்லை. கேட்டால் இடம் உண்டு என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.

பாடி முடித்து வந்த குழந்தையிடம் என்ன சொல்ல வேண்டும்? ‘சூப்பர்’ என்றால் பொய்யாக இருக்கிறது, பிழையைச் சொன்னால் முகம் சுருங்குகிறது.

காதில் விழுந்த ஒன்றைச் சொல்லுங்கள். “சரணத்தில் அந்த நீண்ட காந்தாரத்தில் நின்றாயே, அங்கே நான் பேசாமல் கேட்டேன்” என்றால் போதும். ராகம், ஸ்வரம் தெரியாதா? “இரண்டாவது தடவை அந்த வரி வந்தபோது சிரித்தாயே, ஏன்?” என்று கேளுங்கள். அது பேச ஆரம்பித்துவிடும். பிழைகளை என்னிடம் விட்டுவிடுங்கள். அடுத்த வகுப்பில் பார்த்துக்கொள்கிறேன், அதற்குத்தானே என்னை வைத்திருக்கிறீர்கள்.

எங்கள் பிள்ளை பாடி முடித்ததும் கிளம்பலாமா? மறுநாள் பள்ளிக்கூடம் இருக்கிறது.

கூடாது. உங்கள் பிள்ளை பாடும்போது கூடம் நிறைய ஆள் இருந்ததல்லவா? கடைசியில் பாடும் பிள்ளைக்கும் அது வேண்டும். நானும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இழுப்பதில்லை. நிஜமாகவே அவசரம் என்றால் முன்னாலேயே சொல்லுங்கள், அந்த மாதம் உங்கள் பிள்ளை பாட வேண்டாம். வந்து உட்கார்ந்து, போகிற நேரம்வரை மற்றவர்கள் பாடுவதைக் கேட்டுவிட்டுப் போகட்டும்.